சேது கட்டிய கதையை மூலத்தில் படிக்க எந்தச் சம்ஸ்கிருதப் பாடம்?

பாம்பன் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 43. ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். தமிழ் வழியில் பி.காம். முடித்தவர். ஆங்கிலம் மெதுவாக வாசித்தால் புரியும், இந்தி தெரியாது. ராமேஸ்வரம் வருகிற யாத்திரிகர்களுக்கு வழிகாட்டிகள் சேதுவைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வந்தவர். வால்மீகி என்னதான் எழுதியிருக்கிறார், அணில் கதை எந்த இடத்தில் வருகிறது என்று மூலத்தையே படித்துப் பார்க்க ஆசைப்படுகிறார்.

இரண்டு வருடமாக முயன்று மூன்று புத்தகங்களைக் கீழே வைத்துவிட்டார். முதலில் அக்கா மகன் வாங்கிக் கொடுத்த மைக்கேல் கோல்சனின் ஆங்கிலப் புத்தகம். மூன்றாம் பாடத்தில் நின்றது. அடுத்து சப்தமஞ்சரி, ராம, ஹரி, குரு வரை மனப்பாடம் செய்து, பிறகு எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோனது. கடைசியாகத் தமிழ் எழுத்திலேயே அச்சான ஒரு சிறு புத்தகம். அதை முடித்துவிட்டார், ஆனால் ஒரு சுலோகமும் புரியவில்லை. இப்போது ‘100 நாளில் சரளமான சம்ஸ்கிருதம், 15,000 ரூபாய்’ என்ற இணைய விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: பணம் கட்டலாமா? முதலில் இந்தி படிக்க வேண்டுமா? பேச்சுப் பயிற்சியா, இலக்கணமா? சான்றிதழ் எதற்காவது உதவுமா? கடலோரக் கிறிஸ்தவக் குடும்பம். “நமக்கெதுக்கு இது?” என்று வீட்டிலும், “அது எல்லாருக்கும் உரியதல்ல” என்று தெரிந்த பெரியவர் ஒருவரும் சொல்கிறார்களாம்.

அன்புச் சகோதரிக்கு,

மூன்று முறை தோற்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இருந்த மூன்றும் மூன்று வேறு வேலைகளுக்கானவை. உங்கள் வேலைக்கானது அவற்றில் ஒன்றுகூட இல்லை. கோல்சன் புத்தகத்தில் 15 பாடங்கள்தான், ஆனால் மிக அடர்த்தி. பயிற்சி வாக்கியங்களைப் பெரும்பாலும் சம்ஸ்கிருத நாடகங்களிலிருந்து எடுத்துப் போட்டிருப்பார். ஆங்கில இலக்கணச் சொற்கள் பழகிய கல்லூரி மாணவருக்கு எழுதிய புத்தகம் அது. சப்தமஞ்சரி பாடப்புத்தகமே அல்ல. சொல் உருவங்களின் அட்டவணை, தேடிப் பார்ப்பதற்கு. மூன்றாவது புத்தகத்தின் சிக்கல் அதன் எழுத்து. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தமிழ் எழுத்திலேயே படித்தால் சுலபம் என்ற எண்ணம்

‘கதா’ என்று தமிழில் எழுதுங்கள். சம்ஸ்கிருதத்தில் இது நான்கு சொற்களில் எதுவாகவும் இருக்கலாம்: எப்போது, கதை, கதாயுதம், போய்விட்டவள். பழைய பதிப்புகளில் எழுத்தின் தலையில் எண் போட்டு இதைச் சமாளிப்பார்கள். கதா³ என்றால் எப்போது, கதா² என்றால் கதை, க³தா³ என்றால் ஆயுதம், க³தா என்றால் போனவள். எண் போட்ட புத்தகமாக இருந்தாலாவது தப்பிக்கலாம். நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் உங்கள் புத்தகத்தில் எண்ணும் இல்லை. அதை வைத்து அகராதியில் தேடினால் ஒரு சொல்லுக்கு நாலு இடத்தில் தேட வேண்டும். கிடைத்ததும் சரிதானா என்று சொல்ல ஆளில்லை. சுலோகம் புரியாமல் போனதில் ஆச்சரியமே இல்லை.

ஆகவே தேவநாகரி வேண்டும். அதற்கு இந்தி வேண்டாம். எழுத்து ஒன்று என்பதால் மொழியும் ஒன்றாகிவிடாது. இந்தி வழியாகப் போனால் ஒரு வருடம் வீணாகும். சொல்லின் கடைசி அகரத்தை விழுங்கி ‘ராம்’ என்று வாசிக்கும் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். சம்ஸ்கிருதத்தில் அந்த அகரம் முழுதாக ஒலித்தாக வேண்டும்.

தினம் அரை மணி நேரம் என்றால் எழுத்துக்கு மூன்று வாரம் போதும். உயிரெழுத்துகளும் 33 மெய்களும் முதல் பத்து நாள். மெய்யோடு சேரும் உயிர்க் குறிகள் அடுத்த நாலு நாள். மீதி ஒரு வாரம் முழுக்கக் கூட்டெழுத்துகளுக்கு. பெரும்பாலோர் இந்தக் கடைசி வாரத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்; ‘ர’ ஒரு மெய்க்கு முன்னால் வந்தால் தலைக்கு மேலே கொக்கியாகவும், பின்னால் வந்தால் காலடியில் கோடாகவும் மாறுவது தெரியாமல் பாதிச் சொற்களில் திணறுவார்கள். ப⁴-வும் ம-வும், க⁴-வும் த⁴-வும் ஒன்றுபோலத் தெரியும். வாசித்துப் பார்த்தால் மட்டும் போதாது, கையால் எழுதிப் பழகுங்கள். குழப்பம் அப்போதுதான் தெளியும்.

எழுத்தைப் பழகும்போதே காதையும் பழக்குங்கள். தமிழ் நாக்கு, சொல்லின் நடுவில் வரும் வல்லினத்தைத் தானாகவே மென்மையாக்கிவிடும். ‘கதா²’வை நாம் ‘கதா³’ போலத்தான் சொல்வோம். இது நமக்குக் கேட்கவே கேட்காது. ஒலிப்பதிவு இல்லாத பாடத்தை நான் பரிந்துரைக்காததற்கு இதுதான் காரணம்.

ஒரு சுலோகத்தை வைத்து அளந்து பார்ப்போம்

எந்தப் பாடம் நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. நீங்கள் படிக்க விரும்புவதை அந்தப் பாடம் எப்போது எட்டும் என்று கேளுங்கள். வால்மீகியின் யுத்தகாண்டத்தில் ராமன் கடற்கரையில் கிடக்கும் 21-ஆம் சர்க்கத்தின், அதாவது அத்தியாயத்தின், தொடக்கம் இது. திருப்புல்லாணியில் தர்ப்பசயன ராமராக நீங்கள் பார்க்கும் அதே காட்சி.

தத: ஸாகரவேலாயாம் தர்பாநாஸ்தீர்ய ராகவ:
அஞ்ஜலிம் ப்ராங்முக: க்ருத்வா ப்ரதிசிச்யே மஹோததே:

பின்பு இராகவன் கடற்கரையில் தருப்பையைப் பரப்பி, கிழக்கு நோக்கிக் கைகூப்பி, பெருங்கடலின் முன்னே கிடந்தான் என்பது பொருள். இதைத் தானாகப் பிரித்துப் படிக்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பாருங்கள்.

‘ராகவ:’ என்பதும் ‘தர்பான்’ என்பதும் ராம சப்தத்தை, அதாவது ‘ராம’ என்ற சொல்லின் உருவ அட்டவணையை, போன்றவை: ராம:, ராமான். ‘வேலாயாம்’ என்பது ரமா சப்தத்தின் ஏழாம் வேற்றுமை. ‘அஞ்ஜலிம்’, ‘மஹோததே:’ இரண்டும் ஹரி சப்தம் மாதிரி: ஹரிம், ஹரே:. ஆக மூன்று அட்டவணைகள் போதும். அவற்றில் இரண்டை நீங்கள் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். ஆனால் அட்டவணையில் படித்த ‘ஹரே:’யை இங்கே ‘மஹோததே:’யில் அடையாளம் காண யாரும் பழக்கவில்லை. அதனால்தான் கலந்துபோயிற்று.

வேற்றுமையில் நமக்கு ஒரு வசதி உண்டு. பள்ளியில் படித்த முதல் வேற்றுமை முதல் விளி வேற்றுமை வரையிலான எட்டும் இங்கேயும் அதே எண்ணோடு, பெரும்பாலும் அதே பொருளோடு வரும். ஐ, ஆல், கு என்று மனதில் வைத்துக்கொண்டாலே பாதி தூரம் கடந்தாயிற்று. ஆங்கில வழியில் படிப்பவர் இதற்கே ஒரு மாதம் செலவிடுவார்.

‘ஆஸ்தீர்ய’, ‘க்ருத்வா’ இரண்டும் வினையெச்சங்கள்: பரப்பி, செய்து. தமிழ் வாக்கியமும் இப்படித்தான் எச்சங்களை அடுக்கி, முற்றில் முடியும். முன்னொட்டு இல்லாத வினைக்கு ‘த்வா’, முன்னொட்டு சேர்ந்தால் ‘ய’; இந்த ஒரு விதி தெரிந்தால் ராமாயணத்தில் ஆயிரக்கணக்கான இடங்கள் திறந்துகொள்ளும்.

‘தர்பாநாஸ்தீர்ய’ என்ற சொல் எந்த அகராதியிலும் கிடைக்காது. தர்பான், ஆஸ்தீர்ய என்று பிரிக்க வேண்டும். ‘மஹோததே:’யில் மஹா, உததி இரண்டும் சேர்ந்து ஆகாரமும் உகரமும் ஓகாரமாகியிருக்கின்றன. புணர்ச்சி தமிழிலும் உண்டு என்பதால் கருத்து புதிதல்ல, விதிகள்தான் புதியவை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். உயிரோடு உயிர் சேரும் விதிகளும், ‘ராம:’ என்பதன் கடைசியில் இரட்டைப் புள்ளியாக வரும் விஸர்க்கம் மாறும் விதிகளும் முதலில் வரட்டும். மீதியைப் படிக்கப் படிக்கப் பிடித்துக்கொள்ளலாம்.

கடைசியாக ‘ப்ரதிசிச்யே’. இது லிட் எனப்படும் இறந்தகாலம். பேசுகிறவன் கண்ணால் பார்க்காத பழங்கால நிகழ்ச்சிக்கு உரியது என்று பாணினி விதிக்கிறார். இதிகாசம் முழுக்க இந்த உருவம்தான்: ஜகாம (போனான்), உவாச (சொன்னான்), ததர்ச (பார்த்தான்), சகார (செய்தான்). இது இல்லாமல் வால்மீகியை ஒரு பக்கம்கூடத் தாண்ட முடியாது. ஆனால் பெரும்பாலான தொடக்கப் பாடங்களில் இது கடைசியில்தான் வரும், சிலவற்றில் வரவே வராது.

பேச்சுப் பயிற்சி எதுவரை?

சம்ஸ்கிருத பாரதி 1981-இலிருந்து நடத்தி வரும் பேச்சு முகாம்கள் உங்கள் காதில் விழுந்திருக்கும்; பத்து நாள், தினம் இரண்டு மணி நேரம். ராமநாதபுரத்திலோ மதுரையிலோ நடந்தால் தாராளமாகப் போய் வாருங்கள். வாய் திறக்கும் கூச்சம் போகும், ஒலிகள் காதில் பதியும். ஆனால் அதையே நம்பி ராமாயணத்துக்குள் போக முடியாது. அங்கே வேண்டுமென்றே இரண்டு விஷயங்களைத் தொடக்கத்தில் ஒதுக்கி வைக்கிறார்கள். இறந்தகாலத்துக்கு ‘கதவான்’ (போனான்), ‘உக்தவான்’ (சொன்னான்) போன்ற எளிய உருவங்களே போதும் என்று விட்டுவிடுவார்கள், லிட் வராது. ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இரண்டை மட்டும் குறிக்கும் இருமை எண்ணையும் தவிர்த்துவிடுவார்கள். பேசுவதற்கு இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. உங்களுக்கோ, ராமனும் லட்சுமணனும் சேர்ந்து நடக்கும்போதெல்லாம் இருமைதான் வரும்.

இருமையைக் கண்டு பயப்பட வேண்டாம். ராம சப்தத்தில் 24 கட்டங்கள் இருந்தாலும் வெவ்வேறு உருவங்கள் 17 மட்டுமே. எட்டு வேற்றுமைக்கும் சேர்த்து இருமையில் மூன்றே உருவம்: ராமௌ, ராமாப்யாம், ராமயோ:. அட்டவணையை மேலிருந்து கீழாக ஒப்பிப்பதைவிட இப்படி எங்கெங்கே ஒன்றாகிறது என்று பார்த்துப் படித்தால் சீக்கிரம் தங்கும்.

உண்மையான சிரமம் வேறிடத்தில் வரும்: பால். தமிழில் பொருளைப் பார்த்தாலே ஆணா, பெண்ணா, அஃறிணையா என்று தெரிந்துவிடும். சம்ஸ்கிருதத்தில் அது சொல்லைப் பொறுத்தது. மனைவிக்கு உள்ள சொற்களில் ‘பார்யா’ பெண்பால், ‘களத்ரம்’ நபும்ஸகம் (ஆணும் பெண்ணும் அல்லாத பால்), ‘தாரா:’ ஆண்பால், அதுவும் பன்மை! பெயரடையும் அந்தப் பாலையே பின்பற்றி மாறும். தமிழில் ‘நல்ல’ என்றால் எல்லாவற்றுக்கும் நல்லதான். எனவே புதுச் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும்போதே பக்கத்தில் பாலையும் எழுதுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அது நடக்காது.

எதை எடுக்கச் சொல்கிறேன்?

தனியாகப் படிப்பவருக்கு விடை திருத்த ஆள் இல்லை. தவறு ஒருமுறை பழகினால் ஆறு மாதம் கழித்துத்தான் வெளியே தெரியும். ஆகவே விடைப் பகுதி இருக்கிறதா, அல்லது எழுதி அனுப்பினால் யாராவது திருத்துகிறார்களா என்பதையே முதலில் பார்க்கிறேன். அடுத்து ஒலிப்பதிவு. பிறகு, நடுவிலுள்ள ஒரு பாடத்தைத் திறந்து பாருங்கள்: புதுச் சொற்கள் 20-க்குள் இருக்கின்றனவா, முழு வாக்கியங்களை இரு பக்கமும் மொழிபெயர்க்கச் சொல்கிறார்களா, அட்டவணை மட்டும்தானா? அட்டையும் விலையும் எதையும் சொல்லாது.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது சம்ஸ்கிருத பாரதியின் அஞ்சல் வழிப் படிப்பு. பிரவேசம், பரிசயம், சிக்ஷா, கோவிதம் என்று நான்கு நிலைகள், ஒவ்வொன்றும் ஆறு மாதம். தமிழ் வழியாகவும் படிக்கலாம். விடைகளை எழுதி அனுப்ப வேண்டும் என்பதே உங்களுக்கு அதில் உள்ள பெரிய லாபம். சேரும் முன் இப்போதைய கட்டணத்தையும் தேர்வு நடக்கும் மாதங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நிலைகள் முடிந்தால் எளிய உரைநடை வந்துவிடும். அதோடு நீங்களாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: இருமையை முதல் நாளிலிருந்தே, அதிகம் வரும் லிட் உருவங்களில் ஒரு இருபதை ஐந்தாம் மாதத்திலிருந்து. அந்த இருபதையும் இலக்கணம் கேட்காமல் தனிச்சொற்களாகவே மனப்பாடம் செய்தால் போதும்.

ஆங்கில வழியில் போக நேர்ந்தால் கோல்சனுக்குப் பதில் தாமஸ் ஈகென்ஸின் அறிமுகப் புத்தகத்தை எடுங்கள். முதல் பாகம் 18 பாடம், எழுத்தையே பல பாடங்களுக்குப் பிரித்துத் தருவார், விடைகள் பின்னால் உண்டு. மெதுவாகப் போகிறதே என்று அலுப்பு வரும். தனியாகப் படிப்பவருக்கு அந்த மெதுவே நல்லது.

இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்காதீர்கள். இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் அந்த ஆசை தெரிகிறது. ஆங்கிலப் புத்தகத்தில் ‘முதல்’ இடம் ‘நான்’ என்பதற்கு. சம்ஸ்கிருத மரபில் ‘பிரதம புருஷன்’ என்றால் அவன், அதாவது நம் படர்க்கை. ‘நான்’ என்பது உத்தம புருஷன். வினை அட்டவணையே தலைகீழாக இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் ‘கச்சதி’யும் (போகிறான்) ‘கச்சாமி’யும் (போகிறேன்) இடம் மாறிக் குழம்பும்; தவறு புத்தகத்தில் இருக்காது, உங்களிடமும் இருக்காது.

நேரக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். விசைப்படகு கரைக்கு வரும் நாள்களில் உங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாள்களில் 15 நிமிடம், பழையதைச் சத்தமாக வாசிப்பது மட்டும், புதுப்பாடம் வேண்டாம். மற்ற நாள்களில் 40 நிமிடம்: முதல் பத்து நிமிடம் நேற்றைய வாக்கியங்களைப் பார்க்காமல் சொல்வது, இருபது நிமிடம் புதுப்பாடம், கடைசிப் பத்து நிமிடம் எழுத்துப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை சேர்த்துவைத்து மூன்று மணி நேரம் படிக்கும் திட்டம் யாருக்கும் நிலைத்ததில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். ஐஸ் கம்பெனியில் வேலை குறையும் அந்த இரண்டு மாதத்தை வாசிப்புக்கென்றே ஒதுக்குங்கள். பிரவேசம் முடித்த பிறகு வரும் தடைக்காலத்தில் ஸ்ரீராமோதந்தத்தை எடுக்கலாம். ராமாயணம் முழுவதையும் 200 எளிய சுலோகங்களில் சொல்லும் சிறு நூல்; கேரளத்தில் தலைமுறை தலைமுறையாகச் சம்ஸ்கிருதம் தொடங்குபவர்கள் முதலில் படிப்பது இதைத்தான். வால்மீகி அதிகம் கையாளும் அனுஷ்டுப் யாப்பிலேயே, அடிக்கு எட்டு அசையாக இருக்கும். கதை தெரிந்தது என்பதால் ஊகிக்கவும் முடியும். நாளைக்கு இரண்டு சுலோகம் என்றால் தடைக்காலத்துக்குள் நூறைத் தாண்டிவிடலாம். ஒவ்வொன்றையும் முதலில் பிரித்து எழுதி, வேற்றுமையைக் குறித்து, பிறகு தமிழில் எழுதி, கடைசியில்தான் உரையைப் பார்க்க வேண்டும்.

அகராதிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஆப்தேயும், 1899-இல் விரிவாக வெளிவந்த மோனியர் வில்லியம்ஸும் கொலோன் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; ஆப்தே உங்களுக்கு வசதி. வால்மீகிக்குப் பதம் பதமாக ஆங்கிலப் பொருளை ஐ.ஐ.டி. கான்பூர் தளத்தில் பார்க்கலாம். நீங்களே பிரித்து முடித்த பிறகு சரிபார்க்க மட்டும் அதைத் திறங்கள். தமிழில் புழங்கும் வடசொற்களை அப்படியே நம்ப வேண்டாம். ‘அவசரம்’ அங்கே தக்க வாய்ப்பு, ‘அபராதம்’ அங்கே குற்றம்.

இந்த வேகத்தில் போனால் 21, 22-ஆம் சர்க்கங்களை அகராதியோடு நீங்களே படிக்க ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும் என்பது என் கணிப்பு. 22-ஆம் சர்க்கம் எண்ணுப்பெயர் படிக்கவும் நல்ல இடம். தென்னாட்டுப் பதிப்புகளில் வானரர்கள் முதல் நாள் 14 யோஜனை, அடுத்த நாள் 20, பிறகு 21, 22, 23 என்று ஐந்து நாளில் 100 யோஜனை கட்டி முடிக்கிறார்கள். கணக்கு எழுதுகிற உங்களுக்குப் பிடிக்கும்.

ஒரு ஏமாற்றத்துக்கும் இப்போதே தயாராகிவிடுங்கள். அணில் அங்கே இல்லை. அது தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் இருக்கிறது, நல்ல தமிழில். சீதை மணலில் லிங்கம் பிடித்த கதையும் வால்மீகியின் இந்தச் சர்க்கத்தில் கிடையாது. ராமேஸ்வரத்தில் சொல்லப்படும் பல கதைகளுக்கு ஸ்காந்த புராணத்தின் சேது மாகாத்மியத்தைப் பார்க்க வேண்டும். வழிகாட்டிகள் எல்லாரும் புளுகுவதாக நினைக்க வேண்டாம், வேறு வேறு நூல்களைக் கலந்து சொல்கிறார்கள். புராண நடை வால்மீகியைவிடக் கடினமல்ல. மூன்றாம் வருடத்துக்கு அது இருக்கட்டும்.

அந்தப் 15,000 ரூபாய்

100 நாளில் அறிமுக வாக்கியங்கள் பேச வரலாம். மேலே பிரித்த சுலோகம் வராது. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ‘சரளம்’ என்பதற்கு அளவுகோல் ஏதும் இல்லை, அவ்வளவுதான். அப்படியும் சேர ஆசை இருந்தால் பணம் கட்டும் முன் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எந்தப் பாடநூல், எழுத்துப் பயிற்சியைத் திருத்துபவர் யார், ஒரு வகுப்பில் எத்தனை பேர், நடுவில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். வாயால் சொன்னதை வாட்ஸ்அப்பிலாவது அனுப்பச் சொல்லுங்கள். விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டாமல் தவணை கேளுங்கள்.

சொன்னதைத் தராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் தரலாம். முதலில் தேசிய உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக்கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு செய்ய வேண்டும். ‘பணம் திரும்பத் தரப்படாது’ என்று நிபந்தனையில் நீங்களே டிக் செய்திருந்தால் வழக்கு இழுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சான்றிதழைப் பொறுத்தவரை, அஞ்சல் வழித் தேர்வுகளின் சான்றிதழ் உங்கள் படிப்புக்கு ஒரு படிக்கல், வேலைக்கான தகுதி அல்ல. பள்ளியில் சம்ஸ்கிருதம் கற்பிக்கப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். பிற்பாடு பட்டம் வேண்டுமென்று தோன்றினால் திருப்பதியிலுள்ள தேசிய சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகத்தை விசாரியுங்கள். 2020-இல் மத்தியப் பல்கலைக்கழகமானது. எந்தத் தொலைநிலைப் பட்டமாக இருந்தாலும் அந்த வருடத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். இப்போதைக்கு அது தேவையில்லாத செலவு.

அந்தப் பெரியவர் சொன்னதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. வேதத்தை ஸ்வரத்தோடு ஓதுவது குருவிடம் நேரில் கேட்டுக் கற்கும் தனி மரபு. அதற்கென்று தனிக் கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறார்கள். நீங்கள் கேட்பது அதுவல்ல. மொழியையும் ராமாயணத்தையும் படிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. மேலே சொன்ன எந்தப் படிப்பிலும் சேர மதம் ஒரு தடையல்ல. வீட்டில் கேட்டால், 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பாதிரியாரே உட்கார்ந்து சம்ஸ்கிருதம் படித்தார் என்று சொல்லிப் பாருங்கள். மாமியாருக்கு அது போதுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

சப்தமஞ்சரியைத் தூக்கிப் போட வேண்டாம். பாடத்தில் ஒரு புதுச் சொல் வந்ததும் அதன் உருவத்தை அதில் தேடிப் பாருங்கள், அதற்குத்தான் அது. ராம, வன, ரமா, நதீ, ஹரி, குரு, அவற்றோடு தத், கிம், அஸ்மத், யுஷ்மத்: முதல் வருடத்துக்கு இந்தப் பத்துப் பக்கம் போதும். பித்ரு, ராஜன் இரண்டையும் அடுத்த வருடம் சேர்க்கலாம். கோல்சனை அக்கா மகனிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பரிசயம் முடித்த பிறகு முதல் பாடத்திலிருந்து மறுபடி திறங்கள். புணர்ச்சியை அந்த அளவுக்கு விளக்கமாகச் சொல்லும் புத்தகங்கள் குறைவு, அப்போது உங்களுக்கு அதுதான் தேவைப்படும்.